மாசிக்குள்

பூன் கெங்கில் இறங்கி
எட்டாவது மாடிக்குப் போனேன்.
மின்தூக்கிக் கதவு மூடும்போது
இடப்பக்கம் லேசாக உரசியது.
என் வேலையே அதுதான், காது விடாது.

திரு கோ வாசலிலேயே பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்.
நூற்று அறுபத்துநான்கு சென்டிமீட்டர்.
மங்கிய மஞ்சள், முனையில் பாறை கடித்த தழும்பு.
"முந்நூற்றைம்பது வெள்ளி," என்றார்,
"ரெண்டு காலுக்கும் சேர்த்து."
சிரிக்கவில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன்.
அடிக்கீறல் பரவாயில்லை, மெழுகு போதும்.
பயப்பட வேண்டியது மேல்பக்கத் துளைகளுக்கு.
இரண்டு முறை பூட்டு மாற்றியிருக்கிறார்.
மூன்றாவது முறை துளைத்தால் சல்லடைதான்.
நல்லவேளை, பூட்டின் பின்பாகம் நகரும்
இரண்டு விரற்கடை அளவுக்கு.

காலணி?
அதையும் தருகிறேன் என்றார், அறுபதுக்கு.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது அடிப்பாகம்.
பன்னிரண்டு வருடம் அலமாரிக்குள்
பனியைவிட இந்த ஊர்ப் புழுக்கத்தையே
அதிகம் தின்றிருக்கிறது.
வேண்டாம் என்றேன்.
அவர் கை தானாக முழங்காலுக்குப் போயிற்று.

காலணியை முதலில் வாங்கு, மற்றதெல்லாம் அப்புறம்
என்று அவரே பிறகு சொன்னார்.
பலகை சரியில்லாவிட்டால் விழுவாய்.
காலணி சரியில்லாவிட்டால் விழக்கூட மாட்டாய்,
முதல் மேட்டிலேயே உட்கார்ந்துவிடுவாய்.

பேரம் முந்நூறில் நின்றது.
ஏறுவதற்கு ஒட்டும் தோல் இனாம்.
ஆட்டுமயிர்த் தோல்: முன்னே தடவினால் வழுக்கும்,
பின்னே தடவினால் பிடிக்கும்.
பசை மட்டும் கெடாமல் பார்த்துக்கொள் என்றார்.
இப்போது அது என் குளிர்பெட்டியில்
கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது.

இன்னொன்றும் தந்தார், சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி.
மின்கலப் பெட்டியைத் திறந்தேன்.
பச்சை பூத்திருந்தது.
மூடித் திருப்பிக் கொடுத்தேன்.
அதை மட்டும் புதிதாக வாங்கினேன், முழு விலைக்கு.
இரண்டு மாத மிகைநேர ஊதியம் அதற்கே போயிற்று.
என்னைத் தோண்டி எடுப்பவர்களோடு
விலை பேச எனக்கு மனமில்லை.

லிட்டில் இந்தியாவில் ரயில் மாறும்போது
ஒருவர் கேட்டார், திரைச்சீலைக் கம்பியா என்று.
ஆமாம் என்றேன்.
உண்மையைச் சொல்ல இரண்டு நிலையம் போதாது.

அஸ்மானுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.
ஹொக்கைடோ, பிப்ரவரி, ஒன்பது நாள் விடுப்பு.
"அங்கே மேலே தூக்கிட்டுப் போக நாற்காலி இருக்குமே தமயந்தி,
எதுக்கு நடக்கறே?"
பதினாறு வருடமாக இந்த ஊரை
ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு தடவை கம்பிவடம் இல்லாமல்
எதன் மேலாவது ஏறிப் பார்க்கவேண்டும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
மலிவு என்றேன். அதுவும் பொய்யில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும்.
புல்நுனியில் நிற்பதற்கும்
ஆளையே மூடுவதற்கும்
ஒரே சொல்தான் நம்மிடம்.
இரண்டையும் நான் பார்த்ததில்லை.

காலணி கடைசியில் தெம்பனிஸில் கிடைத்தது,
ஒரே ஒரு பருவம் போட்டது, இருநூற்று நாற்பது.
இரவு பதினொன்றுக்கு அதை மாட்டிக்கொண்டு
புளோக்கின் படிகளில் ஏறுகிறேன்.
குதிகாலின் நெம்புகோலைத் தளர்த்தினால்
கணுக்கால் நடக்கும்.
இறுக்கினால் இரும்பு.
பதினான்காவது மாடியில்
மின்தூக்கி திறந்து ஒரு பையன் வெளியே வந்தான்.
என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
"லிஃப்ட் ரிப்பேரா, ஆன்ட்டி?"

பலகைகள் நடைவழிச் சுவரில் சாய்ந்திருக்கின்றன,
துணி உலர்த்தும் மூங்கில்களோடு.
இன்று காலை யாரோ அவற்றின் மேல்
ஓர் ஈரத்துண்டைப் போட்டிருந்தார்கள்.
எடுக்கவில்லை.
மாசிக்குள் காய்ந்துவிடும்.